பழைய வால்வு ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர்?

பழைய வால்வு கிதார் ஆம்பில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையரில்) ஸ்பீக்கர் போய்விட்டால் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் நடக்கிறது. கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ தெரிந்த மைக்செட்காரரிடம் போய், கல்யாண மண்டபத்துப் பெட்டியில் போடுகிற 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஓட்டை பொருந்துகிறது, ஒயர் இரண்டே இரண்டு, சத்தமும் வருகிறது. ஆனால் கிதாரில் உயிர் இல்லை. பழி வால்வு மேல் விழுகிறது. புது வால்வு வாங்கிப் போட்டாலும் சத்தம் மாறுவதில்லை.

மைக்செட் ஸ்பீக்கரில் குறை ஒன்றும் இல்லை, அதன் வேலை வேறு. உள்ளே வருவதைக் கூட்டாமல் குறைக்காமல் வெளியே விடவேண்டும். அதற்காகக் கனமான கோன் (முன்னால் அதிரும் புனல் வடிவத் தாள்), ஓரத்தில் துணி அல்லது ரப்பர் வளையம், முன்னும் பின்னும் நிறைய ஓடுகிற நீளமான காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்). கிதார் ஸ்பீக்கரில் கோன் மெல்லிய காகிதம், ஓர மடிப்பும் பெரும்பாலும் அதே காகிதம், காயில் குட்டை. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அந்தக் கோன் ஒரே தட்டாக அசையாது, பகுதி பகுதியாக அதிரும். நாம் கிதார் சத்தம் என்று அடையாளம் காண்பதில் பெரும்பங்கு அந்த அதிர்வுதான். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். வால்வு தன் சக்திக்கு மீறி ஓடிக் கரகரக்கும்போது பிறக்கிற கூரான கீச்சுகளை அந்த விழுகைதான் வடிகட்டுகிறது. நடுவில் சின்னக் கோன் ஒட்டிய முழுவீச்சு ஸ்பீக்கரில் அந்த வடிகட்டல் கிடையாது. அதனால்தான் டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்டவுடன் ஈ மொய்க்கிற மாதிரி ஒரு இரைச்சல் வருகிறது.

இன்னொரு காரணம் ஆம்பிலேயே இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து ஓட்டும். வால்வு ஆம்பின் பிடி தளர்வானது. 8 ஓம் (மின்தடை அளவு) என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லா ஒலிக்கும் 8 ஓம் காட்டாது. 75 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது ஸ்பீக்கரின் சொந்த அதிர்வு இருக்கும் இடத்தில், 50 ஓமைத் தாண்டிப் போகலாம். மேலே போகப் போகக் காயிலின் தூண்டலால் மறுபடி ஏறும். பிடி தளர்ந்த ஆம்ப் அந்த இரண்டு இடத்திலும் கூடுதல் சத்தம் கொடுக்கும். அமெரிக்க ஃபெண்டர் 5இ3 டீலக்ஸ், பிரிட்டிஷ் வாக்ஸ் ஏசி30 ஆம்புகள் இரண்டிலும் நெகட்டிவ் ஃபீட்பேக்கே (வெளியே போவதில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டுப் பிடியை இறுக்கும் ஏற்பாடு) கிடையாது. அவற்றில் ஸ்பீக்கரை மாற்றுவது ஆம்பையே பாதி மாற்றுவதுதான். கடையில் டிரான்சிஸ்டர் ஆம்பில் போட்டுக் கேட்டது வீட்டு வால்வு ஆம்பில் வேறு மாதிரி ஒலிப்பதும் இதனால்தான்.

தேர்வில் முதலில் பார்க்கவேண்டியது ஓம். டோன் எல்லாம் பிறகு.

ஸ்பீக்கருக்குப் பவர் தரும் 6வி6 வகை வால்வு ஜோடி ஒன்றுக்கு ஏறத்தாழ 6,600 ஓம் லோடு (சுமை) வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். இடையில் நின்று பேரம் பேசுவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 6,600-ஐ 8-ஆல் வகுத்தால் 825, அதன் வர்க்கமூலம் சுமார் 28.7. அதுதான் சுற்று விகிதம். இந்த விகிதம் மாறாது. அதே இடத்தில் 16 ஓம் மாட்டினால் வால்வுக்கு 13,200 தெரியும், 4 ஓம் மாட்டினால் 3,300. லோடு கூடினால் பிளேட்டில் (வால்வின் வெளியீட்டுத் தகடு) வோல்டேஜ் எகிறும், ஸ்கிரீன் கிரிட் (வால்வுக்குள் இருக்கும் கம்பி வலை) கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். இஎல்84, இஎல்34 வால்வுகள் இதில் சீக்கிரம் அடிபடும். லோடு குறைந்தால் பிளேட் கரண்ட் ஏறி வால்வு சீக்கிரம் தேயும், சத்தமும் கொஞ்சம் குறையும். பழைய ஃபெண்டர்கள் ஒரு படி வித்தியாசத்தை (8-க்குப் பதில் 4 அல்லது 16) தாங்கும், குறிப்பாகக் கீழ்ப்பக்கம். பிரிட்டிஷ் ஆம்புகளில் மேல்பக்கம் போகவே வேண்டாம். 60 ஆண்டு கண்ட டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு ஒரு படி வித்தியாசத்தையும் நான் நிரந்தரமாக விடமாட்டேன்.

ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டுவது எல்லாவற்றையும் விட மோசம். லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரம் வோல்ட்டையும் தாண்டித் துள்ளி எழலாம். 6வி6, இஎல்34 போன்ற எட்டுப் பின் வால்வு சாக்கெட்டில் 3-ஆம் பின்னுக்கும் (பிளேட்) பக்கத்துப் பின்னுக்கும் நடுவே கருப்பாக எரிந்த தடம் இருந்தால் அந்த ஆம்ப் ஒருமுறையாவது அப்படி ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபெண்டரின் முதன்மை ஸ்பீக்கர் ஜாக்கில் எதுவும் செருகாதபோது தானாக ஷார்ட் ஆகும் தகடு உண்டு. இது காப்புதான், ஆனால் அந்தத் தகடு துருப்பிடித்திருக்கும். அவுட்புட்டுக்குக் குறுக்கே 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சாலிடர் செய்துவிடுவது நல்லது. 22 வாட் ஆம்பில் அதன் வழியே அரை வாட்கூடப் போகாது. சத்தம் மாறாது. ஒயர் அறுந்த நாளில் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்க வழி இருக்கும்.

பெயர் அழிந்த ஸ்பீக்கரை மல்ட்டிமீட்டரில் அளந்தால், 8 ஓம் என்றால் 6 முதல் 7 வரை காட்டும். 16 ஓம் 12-13 காட்டும். 4 ஓம் 3-க்குக் கொஞ்சம் மேலே. பழைய செலஷனில் (பிரிட்டிஷ் ஸ்பீக்கர் கம்பெனி) 15 ஓம் என்று எழுதியிருந்தால் அது இன்றைய 16-தான். ஸ்பீக்கரும் இல்லை, ஆம்பில் எழுத்தும் இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் கேட்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கி, வால்வுகளை எல்லாம் கழற்றி, ஃபில்டர் கண்டென்சர்களை ரெசிஸ்டர் வழியே காலி செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு, இரண்டு பிளேட் ஒயர்களுக்கும் நடுவே சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 12 வோல்ட் ஏசி கொடுங்கள். ஸ்பீக்கர் பக்கம் 0.42 வோல்ட் வந்தால் விகிதம் 28.7. அந்த இடம் 6வி6 ஜோடிக்கு 8 ஓம். கொடுப்பதைப் பிளேட் பக்கம்தான் கொடுக்கவேண்டும். தவறி ஸ்பீக்கர் பக்கம் கொடுத்தால் மறுபுறம் 340 வோல்ட் நிற்கும். வால்வுக்கு எவ்வளவு லோடு என்பது அதன் டேட்டா ஷீட்டில் உண்டு: இஎல்84 ஜோடிக்கு 8,000, இஎல்34 ஜோடிக்கு 3,400.

பழைய உள்நாட்டு வால்வு மைக்செட் ஆம்புகளைக் கிதாருக்கு மாற்றுகிறவர்கள் கவனிக்கவேண்டியது பின்பக்கத்து 100 வோல்ட் லைன் முனை. 30 வாட் ஆம்பில் அந்த முனை எதிர்பார்ப்பது 333 ஓம். அங்கே 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்கு லோடு நாற்பதில் ஒரு பங்காகிவிடும், பிளேட் சிவந்து ஒளிரும். பக்கத்திலேயே 4, 8, 16 என்று முனைகள் இருக்கும், அவைதான் நமக்கு. கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டுகிற ஹாரன் யூனிட்டைப் பொருத்திப் பார்க்கும் ஆசை வேண்டாம். கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, ஹாரனில் அந்தப் பகுதியே வராது.

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் இருந்தால் கணக்கு தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது, அதை மாற்றாதீர்கள். ஃபெண்டர் ட்வின் ரிவர்பில் 8 ஓம் இரண்டு பேரலல், மொத்தம் 4. ஃபெண்டர் சூப்பர் ரிவர்பில் 8 ஓம் நான்கும் பேரலல், மொத்தம் 2. ஏசி30-இல் 8 ஓம் இரண்டு சீரியஸ், மொத்தம் 16. மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் 16 ஓம் நான்கைச் சீரியஸ்-பேரலலாகக் கட்டி மறுபடி 16-க்கே கொண்டுவருவார்கள். 8-ஐயும் 16-ஐயும் பேரலலாகக் கலந்தால் 5.3 ஓம் கிடைக்கும், அதில் 8 ஓம் ஸ்பீக்கர் மூன்றில் இரண்டு பங்கு பவரை இழுத்துக்கொள்ளும். இரண்டு வேறு மாடலைக் கலப்பதில் தவறில்லை, நன்றாகவே இருக்கும். ஓம் ஒன்றாகவும், சென்சிட்டிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) வித்தியாசம் 2 டெசிபலுக்குள்ளும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சத்தமானது மற்றதை விழுங்கிவிடும்.

வாட்ஸ் விஷயத்தில் ஒரு பொதுத் தவறு: ஆம்ப் 22 வாட், ஸ்பீக்கர் 25 வாட், போதும் என்று நினைப்பது. அந்த 22 வாட் சுத்தமான சத்தத்துக்கான கணக்கு. வாலியூமை முழுக்கத் திருகினால் அலை சதுரமாகும். ஒரே உயரமுள்ள சைன் அலையை விடச் சதுர அலைக்கு இரட்டிப்பு பவர். நிஜத்தில் முழு இரட்டிப்பு வராது, ஆனால் 25 வாட் காயிலைக் கருக்கப் போதும். அதனால் ஆம்பைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கர் வேண்டும். ஏசி30-இல் செலஷன் ப்ளூ இரண்டு வரும், தலைக்கு 15 வாட். கணக்கு ஒட்டிக்கு ஒட்டி, மிச்சமே இல்லை. பழைய ப்ளூ காயில் கருகுவதற்குக் காரணம் அதுதான். நம் பக்கத்தில் இன்னொன்றும் சேரும். தோட்டத்தில் மோட்டார் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கும், ராத்திரி 230-ஐத் தாண்டி ஏறும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் அமெரிக்க ஆம்புக்கும் அதே விகிதத்தில் ஏறும். உள்ளே ஹை டென்ஷன் (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) ஏறினால் அவுட்புட்டும் ஏறும். ஓசூரில், ஊத்தங்கரையில் எங்கே வாசித்தாலும் அந்த மிச்சத்தை விட்டே வாங்குங்கள்.

சென்சிட்டிவிட்டிதான் பலர் படிக்காமல் விடுகிற எண். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்த டெசிபல் அது. செலஷன் ப்ளூவுக்கு 100, கிரீன்பேக் ஜி12எம்-க்கு 98, வின்டேஜ் 30-க்கு 100, எமினன்ஸ் கேனபிஸ் ரெக்ஸுக்கு 102. 3 டெசிபல் வித்தியாசம் என்பது ஆம்பின் பவரை இரட்டிப்பதற்குச் சமம். 94 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்து 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால் 22 வாட் ஆம்ப் 88 வாட் ஆம்பைப் போல ஒலிக்கும், ஒரு வால்வைக்கூட மாற்றாமல். மெல்லிசைக் குழுவில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் சுத்தமான சத்தம் வேண்டியவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. மாறாக, வீட்டில் பக்கத்துச் சுவர்க்காரர் தூங்கும் நேரத்தில் ஆம்பைக் கரகரக்க வைக்கவேண்டும் என்றால், தேடவேண்டியது 95-க்குப் பக்கத்து ஸ்பீக்கரை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் குரல். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்பில் ஏற்கெனவே மேல்சத்தம் மின்னும். அதில் வின்டேஜ் 30 போட்டால் அதன் மேல்-நடுப்பகுதி மேடு காதில் குத்தும். அந்த ஆம்புக்கு ஜென்சன் சி12என் வகை அல்லது கேனபிஸ் ரெக்ஸ் போன்ற சாதுவான குரல் பொருந்தும். சர்ச்சில் ஸ்தோத்திரத்துக்கு நடுவே மென்மையாக ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக) வாசிப்பவருக்கு நான் ரெக்ஸையே சொல்வேன். 5இ3 போன்ற 15 வாட்டுக்கும் குறைந்த ஆம்பில் இயல்பிலேயே நடுப்பகுதி தடித்திருக்கும், பேஸ் கட்டுக்கு அடங்காது. அதற்கு அடிச்சத்தம் இறுக்கமான ஸ்பீக்கர் வேண்டும். பிரிட்டிஷ் கரகரப்புக்கு கிரீன்பேக், அதில் சந்தேகமில்லை. பவர் போதாவிட்டால் அதே குடும்பத்தில் 65 வாட் தாங்கும் கிரீம்பேக்.

ஸ்பீக்கரின் மேக்னட் ஆல்னிக்கோவா (உலோகக் கலவைக் காந்தம்), செராமிக்கா என்ற சண்டை தேவைக்கு மேல் நடக்கிறது. ஆல்னிக்கோவில் கோபால்ட் உண்டு, அதனால் விலை அதிகம். அழுத்தி வாசிக்கும்போது ஓசை ஒருவிதமாக இழைந்து அமுங்கும், தொடுகைக்கு இணங்கும். சுத்தமான சத்தம் மட்டுமே வாசிப்பவர் அந்தப் பணத்தை நல்ல பெட்டிக்குச் செலவழிக்கலாம்.

பழைய ஸ்பீக்கரைத் தூக்கி எறியும் முன் அது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். ஃபிரேமில் அச்சடித்த எண் 220 என்று தொடங்கினால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, 137 சிடிஎஸ், 67 எமினன்ஸ். தொடரும் எண்களில் ஆண்டின் கடைசி இலக்கமோ இரண்டு இலக்கமோ இருக்கும், கடைசி இரண்டும் வாரம். 220-632 என்றால் ஜென்சன், 6-இல் முடியும் ஆண்டு, 32-ஆம் வாரம். கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசல் கேட்டால் காயில் இடைவெளியில் இடிக்கிறது. வருடக்கணக்கில் ஒரே நிலையில் தொங்கிய கோன் தாழ்ந்து உரசினால், ஸ்பீக்கரை 180 டிகிரி திருப்பி மாட்டினாலே சில சமயம் சரியாகும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் முனையிலிருந்து கோனுக்குப் போகும் சரிகை ஒயர் உள்ளே அறுந்திருக்கும், அதை மட்டும் மாற்றலாம். சின்னக் கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் போதும், இரண்டு பக்கமும். உடனே ஒட்டுகிற பசை வேண்டாம், அது கண்ணாடியாக இறுகி ஓரத்தில் புதுக் கிழிசலைத் தொடங்கும்.

காயிலே கருகியிருந்தால் நம் ஊரில் காயில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கை நேர்த்தியாகவே இருக்கும். அவர்களிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லவேண்டும். முதலாவது, மேக்னட்டைக் கழற்றக் கூடாது. செராமிக் மேக்னட்டைப் பிரித்துச் சேர்த்துப் பழகிய கை ஆல்னிக்கோவையும் பிரிக்கும். பிரித்த நொடியில் ஆல்னிக்கோ தன் காந்தத்தில் பெரும்பங்கை இழந்துவிடும், சேர்த்தபடியே வைத்து மறுபடி காந்தமேற்றினால்தான் உண்டு. இடைவெளியில் இருக்கும் இரும்புத் துகளை எடுக்க ஒட்டுநாடாவைக் குறுகலாக மடித்து விட்டாலே போதும். இரண்டாவது, மைக்செட் கோன் போடக் கூடாது. கிதார் கோனும் அதே விட்டக் காயிலும் வரவழைத்துக் கொடுத்தால் கட்டச் சொல்லுங்கள் (செலஷன் ஜி12-க்கு 1.75 இன்ச்). கிடைக்காவிட்டால் பழையதை அப்படியே வைத்துவிட்டு புதிது வாங்குவதே மேல்.

புதிது பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பார்சலில் வந்தால் கையெழுத்துப் போடும் முன் பிரித்துக் கோனை அழுத்திப் பாருங்கள். கீழே விழுந்த பெட்டியில் வெளியே கீறல் இல்லாமலேயே உள்ளே மேக்னட் நகர்ந்து காயில் கடித்துக்கொள்ளும். அனுப்புகிறவரிடம் ஸ்பீக்கரின் முகத்தை ஒரு பிளைவுட் துண்டில் போல்ட் போட்டு அனுப்பச் சொன்னால் கோன் பத்திரம்.

மாட்டும் முன் மேக்னட்டின் ஆழத்தை அளக்கவேண்டும். பழைய கோம்போக்களில் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளவை) ஸ்பீக்கருக்குப் பின்னால் சேசிஸிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரும் வால்வுகளும் தொங்கும். பெரிய மேக்னட் அவற்றில் முட்டும். ஓட்டை 12 இன்ச் ஸ்பீக்கருக்கு 280 மில்லிமீட்டர் பக்கம். பேஃபிள் பலகை (ஸ்பீக்கரை மாட்டும் முன்பலகை) இற்றுப்போயிருந்தால் 12 மில்லிமீட்டர் பிளைவுட் போடலாம், 5இ3 போன்றவற்றில் மூலப்பலகை 8 மில்லிமீட்டர்தான், அது அதிர்வதும் சத்தத்தில் சேர்த்தி. எம்டிஎஃப் வேண்டாம், ஓசூர் மழைக்கால ஈரத்தில் ஊதும். புதுப்பெட்டிக்கு மா பலகை இங்கே மலிவு என்பதால் கேட்கிறார்கள். வண்டு துளைக்கும் மரம் அது, மருந்தடிக்காமல் எடுக்காதீர்கள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் ஃபிரேம் வளைந்து நல்ல ஸ்பீக்கரும் உரசும். ஸ்க்ரூடிரைவர் முனையைக் காந்தம் இழுத்துக் கோனில் குத்துவது அடிக்கடி நடக்கிறது, இன்னொரு கையால் கோனை மறைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்புக்குச் சாதாரண ஒன்றரை ஸ்கொயர் ஒயர் போதும். கிதார் கேபிளைப் போடக் கூடாது. அதன் உள்கம்பி மெலிது, சூடாகி அறுந்தால் மேலே சொன்ன லோடு இல்லாத நிலைதான். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் 1.5 வோல்ட் செல்லைத் தொட்டு இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். பழைய ஜேபிஎல்-லில் சிவப்பு முனைக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், அதில் ஏமாறவேண்டாம். இரண்டு கோனும் எதிரெதிராக நகர்ந்தால் அடிச்சத்தம் காணாமல் போகும். பின்பக்கம் திறந்த பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தும் சத்தத்தை முடிவு செய்யாதீர்கள், ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். புதுக் கோன் முதலில் விறைப்பாகவே ஒலிக்கும். 10, 20 மணி நேரம் நன்றாக வாசித்த பிறகு அடிச்சத்தம் இளகும், அதற்கு முன் திருப்பி அனுப்ப நினைக்கவேண்டாம்.

கழற்றிய பழைய ஸ்பீக்கரை ஆம்போடு சேர்த்தே வைத்திருங்கள். கோன் முகத்தில் அட்டை வைத்துக் கட்டி, உள்ளே ரசகற்பூர உருண்டை (பூச்சி உருண்டை) போட்டு, தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள். கரையானுக்கு அந்தக் காகிதம் பிடிக்கும். அட்டையில் ஆம்பின் பெயரையும், ஓம் அளவையும், எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.